மீதி வண்டியை எங்கே ஓட்டுவது

போன மாதம் ஒரு காலை, லிஃப்ட் வருவதற்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் புதிதாகக் குடிவந்தவர். இன்னொருவர் இரண்டாம் மாடிக்காரர். நான் வாளியோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இந்த இடத்துல முன்னாடி யாரோ ஒரு மாமியோட கார் நின்னுச்சாமே?" என்றார் புதியவர்.

"ஆமா, கார் மாமின்னு பேரு. கார்னா பைத்தியம். மேல்மாடிக்காரர் பெரிய கார் வாங்கினதும் பொறுக்க முடியல. வயித்தெரிச்சல்ல அதை நாசம் பண்ணிட்டாங்க. அப்புறம் காலி பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அன்றைக்கு வாளியைத் தொம்மென்று வைத்ததில் தண்ணீர் பாதி என் புடவையில் ஊற்றிக்கொண்டது. வயிற்றெரிச்சலாம். யாருக்கு? மாமிக்கு! கார் என்றால் என்னவென்று அந்த ஃப்ளாட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் பெயரைத்தான் இப்படித் தெருவில் போட்டு மிதிக்கிறார்கள். மிதிக்க விட்டவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடையாறில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் அந்த ஃப்ளாட் இருக்கிறது. பன்னிரண்டு வீடு, அப்போது பன்னிரண்டு கார். முப்பது வருடமாக அந்தத் தெருவில் கார் துடைப்பதுதான் என் வேலை. முன்னே எங்கள் குடிசை ஆற்றங்கரையிலேயே இருந்தது. பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடுவேன். குடிசையை இடித்து எங்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்குத் தூக்கிப் போட்ட பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறேன்.

மாமி முதல் மாடியில் வாடகைக்கு இருந்தார். தனியாக. தி.நகரில் ஒரு பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கல்யாணம் ஆனதா இல்லையா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு வெள்ளைச் சின்ன கார் வைத்திருந்தார். அந்தக் காருக்குப் பத்தொன்பது வயது. ரேடியோ கிடையாது, ஏசி போட்டால் மூச்சு வாங்கும். வலது பக்கக் கதவை ஒரு தட்டுத் தட்டினால்தான் மூடும்.

விடிந்தும் விடியாமலும் இரண்டு டம்ளர் காபியோடு இறங்கி வருவார். ஒன்று எனக்கு. நான் துடைத்துக்கொண்டிருக்கிற வண்டியின் கதவைத் திறந்து உள்ளே குனிவார். பெயிண்டைப் பார்க்க மாட்டார், சீட்டைப் பார்க்க மாட்டார். நேராகக் கீழே பார்ப்பார், காலால் மிதிக்கிற இடத்தை. பெடலில் இருக்கிற ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து ஜாதகம் சொல்லுவார்.

"பவுனு, இங்க பாரு. மூணாம் மாடி சார் கிளட்சுல கால வெச்சுண்டேதான் ஓட்டறார். பயந்த மனுஷன்."

"அப்டியா மாமி? நல்லா மீசை வெச்சிக்கினு கீறாரு!"

"மீசை என்ன பண்ணும்? கால் நடுங்கறதே. இதோ, இந்த வண்டியில ஹாரன்தான் தேஞ்சிருக்கு. நாலாம் மாடி அம்மா ஆத்துலயும் இப்படித்தான் கத்துவாளா இருக்கும்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். நாலாம் மாடி அம்மா கத்துவது தெருமுனை வரை கேட்கும் என்பது உண்மை.

தேய்மானம் இருந்தால்தான் மாமிக்கு மதிப்பு. ஸ்டியரிங்கில் கை பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆன இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். கியர் குச்சியின் தலையில் எழுத்து அழிந்திருந்தால் சந்தோஷப்படுவார். புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி பழைய கார் வாங்க தி.நகருக்கு மாமியை அழைத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரர் ஒரு காரைக் காட்டி, "ஒரு டாக்டரம்மா வண்டி மேடம், கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க, புதுசு மாதிரியே இருக்கு பாருங்க" என்றாராம். மாமி, "புதுசு மாதிரி இருக்குன்னா இதோட யாரும் வாழலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஸ்டியரிங் தேய்ந்து நின்ற காரைக் காட்டினாராம். "இத ஒருத்தர் ஆசையா ஓட்டியிருக்கா. இத எடுங்கோ." அந்தக் கார் இன்றைக்கும் இதே ஃப்ளாட்டில்தான் நிற்கிறது. நான்தான் துடைக்கிறேன். ஒரு நாள் மக்கர் செய்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெரு குறுகல். ஒரு பக்கம் ஆட்டோ நிற்கும், ஒரு பக்கம் இஸ்திரி வண்டி. அந்தச் சந்துக்குள் தண்ணி லாரிக்காரர் ரிவர்ஸிலேயே வந்து சம்ப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி நிறுத்துவார். மாமி பால்கனியில் நின்று அதைப் பார்த்துக் கை தட்டுவார். முதல் தடவை லாரிக்காரர், ஏதோ இடித்துவிட்டோம் போல என்று பயந்து இறங்கி ஓடி வந்தார். "இன்னா மாமி, இன்னா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகலப்பா, அதுக்குத்தான் தட்டினேன்" என்றார் மாமி. அதற்குப் பிறகு அவர் லாரியை நிறுத்தியதும் நிமிர்ந்து பால்கனியைப் பார்ப்பார். கைதட்டல் விழவில்லை என்றால் அவருக்கு முகம் வாடிவிடும்.

ஒரு மழை நாளில் பஸ் ஓடவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக் கார் வந்து நின்றது.

"ஏறு. கொண்டு விடறேன்."

பின் கதவைத் திறந்தேன். "முன்னாடி வாடி. நான் என்ன டாக்சியா?" என்று அதட்டினார். ஏழு வருடம் அந்த சீட்டைத் துடைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். புடவை ஈரம் படக் கூடாது என்று நுனியில் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

திருவான்மியூர் தாண்டி, கம்பெனிக் கட்டடங்கள் இருக்கிற அந்தப் பெரிய ரோட்டில் மழை விட்டிருந்தது. ரோடு காலி. மாமி என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். பிறகு காலை அழுத்தினார். வண்டி கத்தியது. கதவு ஆடியது, கண்ணாடி ஆடியது, என் பல் ஆடியது.

"கீழ பாரு, பவுனு! கால் தரையத் தொட்டுடுத்து. இனிமே அழுத்த இடமே இல்ல. இதுகிட்ட இருக்கறது மொத்தமும் இப்ப என் கால்ல இருக்கு!"

அப்போது ஓர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா பாட்டி, ரேஸா?" என்றார். மாமி கண்ணாடியை இறக்கி, "ஆமாண்டா, நீ மொதல்ல போ! நான் பின்னாடி சந்தோஷமா வரேன்!" என்று கத்தினார். ஆட்டோக்காரர் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்குத்தான் வயிற்றெரிச்சல் என்கிறார்கள்.

மேல்மாடிக்காரரின் கார் ஒரு மூடின லாரியில் வந்து இறங்கியது. ஆறு வருடம் ஆகிறது. "ஏண்டி, கார் ஏன் லாரியில ஏறி வரது?" என்று மாமி பால்கனியிலிருந்து கேட்டார். தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது அது. ஒரு ஆள் உட்கார வேண்டும் என்றால் படுக்க வேண்டும். சாம்பல் நிறம். அதிலும் பளபளப்பே கிடையாது. அடுப்புக் கரி தடவிய பலகை மாதிரி இருந்தது. அதுதான் அதில் விசேஷமாம். கோடிக் கணக்கில் விலை என்றார்கள். கேட்டுக்கு முன்னால் இருக்கிற மேட்டில் ஏறினால் வயிறு இடிக்கும் என்று வாட்ச்மேன் இரண்டு பலகை கொண்டு வந்து போட்டார். நாலு பேர் குனிந்து பார்த்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல, பிள்ளைத்தாய்ச்சி படி ஏறுகிற மாதிரி அது உள்ளே வந்தது.

ஃப்ளாட்டே கீழே இறங்கிவிட்டது. ஆளாளுக்குப் போட்டோ. மேல்மாடிக்காரரின் கண் மட்டும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மாமி இறங்கி வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்க மாமி, உங்களுக்குத்தான் வெயிட்டிங். நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்."

கதவு மேல்நோக்கித் திறந்தது. மாமி வழக்கம்போலக் குனிந்து பெடலைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எங்க ஓட்டுவேள்?"

"ஞாயித்துக்கிழமை காலைல, ஈசிஆர்ல. ஆறு மணிக்குக் கூட்டம் இருக்காது."

"மத்த நாள்?"

"மத்த நாள் நிக்கும் மாமி. இத எடுத்துக்கிட்டு மயிலாப்பூர் மாட வீதிக்கா போக முடியும்?" அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓ" என்றார் மாமி. "நன்னா இருக்கு. எனக்குக் குக்கர் அடுப்புல இருக்கு, வரேன்."

மேல்மாடிக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. மாமி படியேறும்போது பின்னால் நின்று, "மூணே செகண்ட்ல நூறு போகும் மாமி!" என்றார்.

மாமி திரும்பினார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "போய்?"

வாட்ச்மேன் மட்டும் சிரித்து, உடனே இருமுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையை மேல்மாடிக்காரர் மறக்க மாட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கேட்டேன். "இன்னா மாமி, அம்மாம் பெரிய வண்டி. ஊரே வாயப் பொளந்துக்கினு நிக்குது. நீங்க ஒரு தபா குந்திப் பாத்திருக்கலாமே?"

"எனக்கு அது மேல கோவமும் இல்ல, ஆசையும் இல்லடி. என்ன பண்ணச் சொல்றே? நம்ம வண்டியில நான் கால முழுக்க அழுத்தறேன், அதுல இருக்கறத எல்லாம் எடுத்துண்டுடறேன். அவர் அதுல கட்டைவிரல் நகத்தால தொட்டாலே அடுத்த சிக்னல் வந்துடும். மீதி வண்டிய எங்கடி ஓட்டறது?"

மாமி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாரும் கேக்கறா, ஆசையா இல்லையான்னு. ஆசைப்படறதுக்கு அதுல நமக்கு ஒரு வேலை இருக்கணும். அதுல மனுஷாளுக்கு வேலையே இல்ல. அது நன்னா இருக்கட்டும்."

அவ்வளவுதான் அவர் அந்தக் காரைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு தினமும் அதைத் தாண்டித்தான் தன் காருக்குப் போவார். ஒரு தூணைத் தாண்டுகிற மாதிரி தாண்டுவார்.

எனக்கு அந்தக் காரைத் தொட அனுமதி இல்லை. அதற்குத் தனி ஆள், தனித் துணி, தனி மருந்து. "பவுனு, இது பக்கத்துலயே நீ வராதே" என்று மேல்மாடிக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்களுக்கு அது பெரிய நாள். விடியற்காலையிலேயே எல்லா வண்டியையும் கழுவி, முகப்பில் மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் குளித்துவிட்டு வந்து வண்டியை ஒரு அடி நகர்த்தி நசுக்குவார்கள். சந்தனத்தில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் குழைப்பேன், நிறம் எடுப்பாக இருக்கும்.

மேல்மாடிக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். அந்தக் காரைத் துடைக்கிற தனி ஆள் முந்தின நாள் வந்துவிட்டு உறையைச் சரியாகப் போடாமல் போயிருந்தார். முகப்பு வெளியே தெரிந்தது. பதினோரு வண்டி பொட்டும் பூவுமாக நிற்கிறது, இது ஒன்று மட்டும் மொட்டையாக. பந்தியில் பதினோரு பேருக்கு இலை போட்டு ஒருவரை மட்டும் நிற்க வைத்த மாதிரி எனக்கு மனது கேட்கவில்லை. நல்ல நாளில் ஒரு வண்டியை வெறுமனே விட்டால் அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமாகவும் இருந்தது. மூன்று விரல் சந்தனம் இழுத்தேன். குங்குமம் வைத்தேன். கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது.

மறுநாள் துடைத்தேன். மற்ற வண்டிகளில் ஈரத் துணி பட்டதும் வந்துவிட்டது. இதில் வரவில்லை. மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பாலிஷ் துணியால் தேய்த்தேன். அரை மணி நேரம் விடாமல் தேய்த்தேன். நிறுத்திப் பார்த்தால், மஞ்சள் போய்விட்டது, ஆனால் நான் தேய்த்த இடம் ஒரு தட்டு அளவுக்குப் பளபளவென்று மின்னுகிறது. சுற்றிலும் கரிப்பலகை, நடுவில் கண்ணாடி. பளபளப்பே இல்லாமல் இருக்கத்தான் அத்தனை காசு கொடுத்திருக்கிறார்கள். வண்டியைப் பளபளப்பாக்கத்தான் அத்தனை வருடமாக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அன்றைக்கு அதே கை வேலை குற்றமாகிவிட்டது.

மாமி காபியோடு வந்தவர் அதைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். அந்தக் காரை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னடி பண்ணினே?"

"பொட்டு வெச்சேன் மாமி. போவல. தேச்சேன்."

விரலால் அந்த மினுமினுப்பைத் தடவிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இந்த வண்டியில மனுஷா கை பட்ட இடம் இது ஒண்ணுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீ வாயைத் தெறக்காதே. என்ன?"

எப்போது திறந்தேன், அன்றைக்குத் திறக்க.

இரண்டு நாள் கழித்து மேல்மாடிக்காரர் வந்தார். அவர் போட்ட சத்தத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. கேமரா கேட்டைப் பார்த்து இருந்ததால் ஒன்றும் பதிவாகவில்லை. ஃப்ளாட்டுச் சங்கத்துச் செயலாளர் நேராக என்னிடம் வந்தார். "நீதானே? வேற யாரு? இன்னையோட இந்த கேட்டுக்குள்ள கால் வெக்காதே!" பக்கத்து ஃப்ளாட்டிலும் சொல்லி, எந்தக் காரையும் தொட முடியாமல் செய்துவிடுவேன் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். படியிலிருந்து குரல் கேட்டது.

"அவள எதுக்குக் கத்தறேள்? பொட்டு வெச்சது நான்."

மேல்மாடிக்காரர் திரும்பினார். "நீங்களா? மாமி, கார் தெரிஞ்சவங்க நீங்க. இந்தப் பெயிண்ட்ட தேய்க்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தேச்சீங்களா?"

எனக்காகப் பொய் சொல்லலாம், ஆனால் தனக்குக் கார் தெரியாது என்று சொல்ல மாமிக்கு வரவில்லை. "ஆமாம்" என்றார்.

செயலாளர் கையைத் தட்டினார். "நான் அன்னைக்கே பாத்தேன் சார். காரப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம மேல போனாங்களே! அதெல்லாம் வயித்தெரிச்சல்!"

அந்த வார்த்தை பிறந்தது அங்கேதான். ஹாரன் அடித்தவனையெல்லாம் நிறுத்திச் சண்டை போடுகிற மாமி, அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். இருபது பேர் நின்றார்கள். "இல்ல, நாந்தான்" என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லவில்லை, குனிந்து துணியை எடுத்தேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பதினோரு வண்டி போனால் எனக்குச் சோறு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒருத்தியின் பெயர் போய்க்கொண்டிருந்தபோது நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

வெளிநாட்டில் இருந்த வீட்டு ஓனருக்குச் செயலாளர் போன் போட்டார். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாமியின் கார் நின்ற இடம் மேல்மாடிக்காரருக்குப் போனது. அவர் வண்டியை நிறுத்த அகலம் போதவில்லையாம்.

வேளச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே கார் நிறுத்த இடம் கிடையாது. பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் வெள்ளைக் காரைக் கேட்டு வந்தார். நல்ல விலை சொன்னார். மாமி அவரிடமும் அதே கேள்விதான் கேட்டார். "எங்க ஓட்டுவேள்?"

"ஓட்ட மாட்டோம் மேடம். புதுசு மாதிரி பண்ணி, கண்ணாடி ஷெட்டுல வெச்சுப்போம்."

மாமி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். காரை மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு, அவர்கள் கேட்ட விலைக்கே கொடுத்தார். "அங்க தெனம் பத்து பேர் மிதிப்பா. தப்புத் தப்பா மிதிப்பா. மிதிக்கட்டும்" என்றார்.

சாமான் ஏற்றுகிற அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்.

"யாரு மாமி உங்கள சொல்லச் சொன்னா? நானா கேட்டேன்? எனுக்கு வேல போனா வேற வேல. பாத்திரம் தேச்சிருப்பேன். இப்ப உங்க பேரு நாறிக்கினு கீதே! எவன் எவனோ பேசறான்!"

மாமி ஒரு அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அட, உனக்குக் கத்தக்கூட வரதே! இதே கத்தல அன்னைக்குக் கீழ கத்தியிருந்தா நீ வெளியில போயிருப்பே, நான் இந்த ஆத்துல இருந்திருப்பேன்."

அவர் சிரித்தார். "சும்மா சொன்னேண்டி. அந்தக் கயித்தப் பிடி."

சும்மாதான் சொன்னாரா? ஆறு வருடமாக யோசிக்கிறேன். கயிற்றைப் பிடித்தேன். இழுத்து முடிச்சுப் போட்டார்.

இரண்டு தடவை போன் செய்தேன். "இப்போ பஸ்லதான் போறேன். டிரைவர் பக்கத்து சீட்டு காலியா இருந்தாத்தான் ஏறுவேன்" என்றார். ஒரு டிரைவர் கியர் போடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மூன்றாவது தடவை தங்கை எடுத்தார். மாமி தவறிப்போய் இருபது நாள் ஆகிறது என்றார்.

இந்த வருட ஆயுத பூஜைக்குப் போனேன். லிஃப்ட் பேச்சு காதிலேயே இருந்தது. சந்தனம் குழைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், மேல்மாடிக்காரரிடம் சொல்லிவிடுவது என்று. கத்தட்டும். கேட்டுக்கு வெளியே தள்ளட்டும். அவர் கத்தினால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். எல்லார் காதிலும் விழும். மாமியின் பெயர் திரும்பி வரும்.

பத்து வண்டிக்குப் பொட்டு வைத்து முடித்தேன். அவர் கீழே வந்தார், கையில் போன். இப்போது வேறு கார். பச்சை நிறம், முன்னதைவிடத் தாழ்வு. மாமியின் இடத்தையும் சேர்த்துப் படுத்திருக்கிறது.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு பவுனு."

"அன்னிக்கு உங்க வண்டிக்குச் சந்தனம் வெச்சது மாமி இல்ல சார். நாந்தான். தேச்சதும் நாந்தான். மாமி எனுக்காவ பொய் சொன்னாங்க."

அவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்த வண்டி?"

"சாம்பல் கலர் வண்டி சார்."

"சாம்பல்…" யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஓ, அதுவா! அத ஒரு வருஷத்துலயே குடுத்துட்டேனே. போரடிச்சிருச்சு. எந்த மாமி? அந்த வெள்ளைக் கார் வெச்சிருந்தவங்களா? ஆமா, அவங்க ஏன் காலி பண்ணாங்க?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வருகிறதா என்று தேடினேன். அதில் ஒன்றுமே இல்லை.

"வெக்கணும்னா இதுக்கும் வெச்சுக்கோ. கண்ணாடியில வை, பெயிண்ட்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

கிண்ணத்தில் சந்தனம் இருந்தது. மூன்று விரலை முக்கினேன். பச்சைக் காருக்குக் கிட்டே போனேன். அதன் அடியில் சிமெண்ட் தரையில் ஒரு கறுப்புக் கறை, மாமியின் வண்டி வருடக்கணக்கில் சொட்டிய எண்ணெய். கண்ணாடி வழியாகக் குனிந்து உள்ளே பெடலைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்து விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

வாளியை எடுத்தேன். வாட்ச்மேன் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். "இன்னா பவுனம்மா, அதுக்கு வெக்கலியா? நல்ல நாளும் அதுவுமா மொட்டையா நிக்குதே?"

லிஃப்டுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்குச் சிரித்த இரண்டாம் மாடிக்காரரும் இருந்தார். எனக்கே தெரியாத ஒரு குரல் என்னிடமிருந்து வந்தது. கார் நிறுத்துகிற இடம் முழுக்க எதிரொலித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிக்கட்டும்!"